களப்புப் பக்கத்து மூலைப் பைல்

பைல் வேலைக்கு, அதாவது நிலத்துக்குள் அத்திவாரத் தூண் இறக்குகிற வேலைக்கு, புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். கணக்குகளை நான் தொடப் போவதில்லை. அவை என் தலையில் இருப்பதைவிட உங்கள் கணினிகளில் சரியாக இருக்கும். சந்தேகப்படுவது பற்றி மட்டும் சொல்கிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க சைட்டுகளில் எனக்குப் பின்னால் 'சந்தேகக்காரி' என்றார்கள். முன்னால் 'மிஸ்' என்றார்கள். இரண்டும் எனக்குத் தெரியும்.

கட்டிடத்தில் மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம். தூணைத் தட்டிப் பார்க்கலாம். தளம் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பைலை அப்படிப் பார்க்க முடியாது. ஆழமாகத் துளைத்து, கம்பிக் கூட்டை இறக்கி, கொங்கிறீட்டை ஊற்றிய பிறகு வெளியே தெரிகிற தலையை மட்டும் பார்த்துவிட்டு, கீழேயும் இப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்து வைக்கிறோம். அதற்கு மேல் மாடிகள் ஏறும். சனம் வந்து படுக்கும். ஆகவே எங்கள் தொழிலில் சந்தேகம் வேண்டும். எங்கே வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

என்னுடைய முதல் பொறுப்பதிகாரி நல்ல செய்தியை நம்பாத மனிசன். இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய பெயரைச் சொன்னால், இவள் ஏன் என்னைப் பற்றிப் பேசினாள் என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அதனால் பெயர் வேண்டாம். வவுனியாவில் ஒரு கடைத்தொகுதிக்குப் பைல் போட்டபோது, ஒரு குழியில் மட்டும் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே பாறை வந்துவிட்டது. துளைகருவி கிறீச்சிட்டு நின்றது. எல்லோருக்கும் சந்தோசம். ஒப்பந்தகாரரின் ஆட்கள் சோடா வாங்கி வந்து உடைத்தார்கள். இவர் சோடாவைக் கையில் வாங்கவில்லை.

"பக்கத்துக் குழியளில எல்லாம் ஆழத்தில கிடக்கிற பாறை, இதில மட்டும் ஏன் மேல வந்தது?" என்றார்.

"பாறை ஒரே மட்டத்திலயா சேர் இருக்கும்? ஏறி இறங்கித்தானே இருக்கும்" என்றார் அந்த ஆட்களில் ஒருவர்.

"இருக்கும். இருக்கோ எண்டு பாப்பம்."

உடைத்துக்கொண்டு கீழே போகச் சொன்னார். ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் கருவி திடீரென்று தொய்ந்து இறங்கியது. பாறைக்குக் கீழே மறுபடி சிவப்பு மண். நிலத்துக்குள் தனியே கிடந்த ஒரு பெரிய உருண்டைக் கல்லின் முதுகில்தான் நாங்கள் நான்கு மாடிகளை ஏற்றப் போயிருந்தோம். அவர் யாரையும் ஏசவில்லை. "மனசுக்கு வசதியான பதில் வந்தா இன்னொருக்கா அளந்து பாருங்கோ" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதை நான் பிடித்துக்கொண்டேன். கல்லுக்கும் மண்ணுக்கும் அது நன்றாக உதவியது. மனிசருக்கு எப்படி உதவும் என்று எனக்குத் தெரிய நிறையக் காலம் எடுத்தது.

அது தெரிந்த இடம் முல்லைத்தீவுக் கரையோரம். அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ விடுதி கட்டினார்கள். களப்புக்கு, கடலோடு சேர்ந்த உப்பு நீர்ப் பரப்புக்கு, கிட்டிய நிலம். மேலே மணல், அதற்குக் கீழே சிப்பி கலந்த கறுத்தக் களி, இன்னும் கீழே போனால்தான் பாறை. கட்டுவிக்கிறவர்கள் தரப்பில் நான் சைட்டில் நின்ற பொறியியலாளர். ஒப்பந்தகாரர் தரப்பில் கேதீஸ் என்றொரு மனேச்சர். கெட்டிக்காரன். நான் எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுவார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பிழை பிடிக்கிற ஆளிடம் எந்த நாளும் ஒருவரால் எப்படிச் சிரிக்க முடியும்?

துளைக்கிற இயந்திரத்தை, நாங்கள் றிக் என்போம், ஓட்டியவர் சுனில். குருநாகல் பக்கத்துச் சிங்களவர். சைட்டுக்கு வேண்டிய அளவு தமிழ் கதைப்பார். கொங்கிறீட் ஊற்றுகிற பகுதிக்குப் போர்மன் மரியதாஸ் அண்ணை. கொக்கிளாயில் கடற்றொழில் செய்தவர். வள்ளமும் வலையும் யுத்தத்தோடு போன பிறகு கொங்கிறீட்டுக்கு வந்து, கூலியாக நின்று, அந்த வருடம்தான் போர்மன் ஆகியிருந்தார். அதிகம் கதைக்க மாட்டார். கையால்தான் எல்லாம் சொல்லுவார்.

கை ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். அந்த மண்ணில் குழி சும்மா நிற்காது, இடிந்துவிடும். ஆகவே களிக்குழம்பை நிரப்பித்தான் குழியை நிறுத்துவோம். பிறகு ஒரு நீண்ட இரும்புக் குழாயை அடிவரைக்கும் இறக்கி, அதன் வழியாகக் கொங்கிறீட்டை விடுவோம். கொங்கிறீட் அடியிலிருந்து எழும்ப எழும்ப, குழம்பு மேலால் வழிந்து போகும். குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்க வேண்டும். ஆனால் குழாயின் வாய் எந்த நேரமும் கொங்கிறீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே வந்தால் போதும், குழம்பும் களியும் உள்ளே புகுந்து பைலை இரண்டு துண்டாக்கிவிடும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாயைத் தூக்குவது றிக்கின் கயிறு. ஒப்பரேட்டருக்குக் குழிக்குள் நடப்பது தெரியாது. போர்மனின் கை உயர்ந்தால் அவர் தூக்குவார், கை நின்றால் நிறுத்துவார்.

மாரி தொடங்குவதற்கு முந்திய நாட்கள். களப்புப் பக்கத்து மூலைப் பைல் துளைத்து முடிந்திருந்தது. அன்று கிளிநொச்சியில் ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரும்வரை ஊற்ற வேண்டாம் என்று கேதீஸிடம் சொல்லிவிட்டுப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது பைல் ஊற்றி முடிந்திருந்தது.

கேதீஸ் தானே தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "வானம் இருட்டிக்கொண்டு வந்தது மிஸ். குழி இடிஞ்சா எல்லாம் பாழ் எண்டு ஊத்திட்டம். ஒரு பிரச்சினையும் இல்லை, நல்லாப் போனது."

சொன்ன காரணத்தில் பிழையில்லை. வானம் உண்மையாகவே இருண்டிருந்தது. ஆனால் சைட் சரியில்லை. கொங்கிறீட் ஊற்றிய நாட்களில் பெடியள் தண்ணீர்ப் பைப்படியில் நின்று கத்திக் கதைத்து, ஒருத்தர் மேல் ஒருத்தர் தண்ணீர் இறைத்து ஒரு பாடு படுத்துவார்கள். அன்று எல்லோரும் குனிந்து சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மரியதாஸ் அண்ணையிடம் போனேன்.

"எப்பிடியண்ணை போனது?"

"ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ், நல்லாப் போனது."

கொங்கிறீட் லொறியை வழிகாட்டி நிறுத்துகிறவனைக் கேட்டேன். கம்பி கட்டுகிறவனைக் கேட்டேன். ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ், நல்லாப் போனது. சொல் மாறவில்லை, ஒழுங்கும் மாறவில்லை.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு காரியத்தை நான்கு பேர் பார்த்தால் நான்கு விதமாகத்தான் சொல்லுவார்கள். ஒருவனுக்கு மழை ஞாபகம் இருக்கும், ஒருவனுக்குச் சாப்பாடு பிந்தியது ஞாபகம் இருக்கும். நான்கு பேரும் ஒரே வசனத்தைச் சொன்னால், அந்த வசனத்தை அவர்களுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஊற்றிய பதிவைப் பார்த்தேன். அதுவும் அழகாக இருந்தது. எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அடுத்த நாள் காலை றிக் ஓடவில்லை. சுனிலைக் காணவில்லை. விடியமுன் பஸ் ஏறிவிட்டார் என்றார்கள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாதாம். அவருடைய போனுக்கு எடுத்தேன், நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

கொங்கிறீட் இறுகிய பிறகு பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பைலின் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். அதிர்வு அடிவரை போய்த் திரும்பி வரும். இடையில் ஏதாவது பழுது இருந்தால் நேரத்துக்கு முந்தி ஒரு சின்ன எதிரொலி வரும். மூலைப் பைலில் அது வந்தது. அவர் திரையை எனக்குக் காட்டி, "ஏதோ இருக்கிற மாதிரித்தான் மிஸ். ஆனா களி மண் சில நேரம் இப்பிடியும் காட்டும். அடிச்சுச் சொல்ல ஏலாது" என்றார்.

கேதீஸ் அதைப் பிடித்துக்கொண்டார். "அவரே சொல்லுறார் மிஸ், அடிச்சுச் சொல்ல ஏலாது எண்டு."

"ஊத்தின நேரம் என்ன நடந்தது கேதீஸ்?"

"நான் சொன்னனானே மிஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒருத்தரிலயும் பழி போட விரும்பேல்லை. ஆனா சுனில் சொல்லாமக் கொள்ளாமப் போனது உண்மைதானே."

அன்று மத்தியானத்துக்குள் சைட் முழுக்க அந்தக் கதைதான். சீமெந்து தூக்குகிற ஒருவர் நான் கேட்காமலே வந்து சொன்னார். "அவன்தான் மிஸ். கயிறை அளவுக்கு மிஞ்சி இழுத்திருப்பான். பிழை எண்டு தெரிஞ்சுதான் ஓடினவன். அவங்களுக்கு எங்கட ஆஸ்பத்திரி எப்பிடிப் போனா என்ன?"

உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தச் சந்தேகம் எனக்குள்ளும் சிரமமில்லாமல் இறங்கியது. ஆள் பக்கத்தில் இல்லை. வேற்று ஊர், வேற்று மொழி. அவர் பிழை என்றால் சைட்டில் மிச்சம் இருக்கிற எல்லோரும் சரி. நானும் கேதீஸும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஒருவரும் வேலை இழக்கத் தேவையில்லை. அறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் இது எவ்வளவு வசதியான பதில் என்பது உறைத்தது. வவுனியாக் கல்லும் இப்படித்தான் கிடந்தது. பேனாவை மூடினேன்.

மூடிவிட்டுச் சும்மா இருக்க விடமாட்டார்கள். அந்தக் கிழமை ஆஸ்பத்திரியின் மகப்பேற்று டொக்டர் சைட்டுக்கு வந்தார். ஐம்பது வயதை நெருங்குகிற பெண்மணி. அவாவுக்கு எங்கள் பைலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வரவில்லை.

"வேலை நிக்குதெண்டு கேள்விப்பட்டன். எவ்வளவு பிந்தும்?"

"இன்னும் சொல்லத் தெரியேல்லை டொக்டர். ஒரு பைலில சந்தேகம் இருக்கு."

"சந்தேகம் எண்டா, பிழை எண்டு தெரியுமா?"

"தெரியாது."

அவா சேற்றுக்குள் ஒரு அடி கிட்ட வந்தார். "போன மாரியில கிளிநொச்சிக்கு அனுப்பின ஒரு தாய்க்கு விசுவமடு கடக்க முந்தி அம்புலன்ஸிலயே பிள்ளை பிறந்தது. தாய் தப்பிட்டா. பிள்ளை இல்லை. உங்கட சந்தேகத்துக்கு நான் குறுக்க நிக்கேல்லை. ஆனா நீங்கள் நிக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு என்னெண்டு தெரிஞ்சுகொண்டு நில்லுங்கோ."

பைல் பழுதென்றால் கட்டிடம் ஒரு நாள் சரியும் என்று பயப்படுவதுதான் எங்கள் வேலை. பயந்து நிற்கிற நாட்களுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை வேறொருத்தி கொடுக்கிறாள் என்று எனக்கு முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவா. அன்று பின்னேரம் கொழும்பில் இருந்த எங்கள் தலைமைப் பொறியியலாளரும் தொலைபேசியில், அந்த மூலையில் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கணக்குப் போட்டு ஏற்றுக்கொள்ளலாமே என்றார். அந்த ஒரு பைல் மட்டும்தான் பழுது என்று தெரிந்தால் நான் ஒருவேளை ஓம் என்றிருப்பேன். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே வசனத்தைச் சொல்கிற சைட்டில், மற்றப் பைல்களைப் பற்றி எதை நம்புவது? தட்டிப் பார்க்கிற சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. உண்மை அங்கே நின்ற ஆட்களிடம் இருந்தது. அவர்கள் என்னைக் கண்டால் நிலத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை சுனில் திரும்பி வந்தார்.

வெள்ளைச் சேட்டு, வளர்ந்த தாடி, கையில் ஒரு பெரிய பை. பையில் கொண்டை மாதிரி முடிச்சோடு சிங்களவர் சுடுகிற எண்ணெய்ப் பலகாரமும் வாழைப்பழமும். தகப்பனுக்காகப் பிக்குமாருக்குக் கொடுத்த தானத்தில் மிஞ்சியது என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடமும் வந்தார்.

"அப்பா போயிட்டார் மிஸ். போன் வந்த உடன பஸ் எடுத்தது. மிஸ்ஸுக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. மரியதாஸ் அண்ணைக்குச் சொல்லிட்டுத்தான் போனது."

நான் மரியதாஸ் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாப்பிடவில்லை. மற்றவர்களும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக விலகினார்கள். துக்கம் விசாரிக்கக்கூட ஒருவரும் கிட்டப் போகவில்லை. சுனிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்த வீட்டிலிருந்து வந்த மனிசனை ஏன் இப்படி ஒதுக்குகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் பையை ஒரு பலகையில் வைத்துவிட்டு றிக்கில் ஏறி, கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் மரியதாஸ் அண்ணையிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வசனத்தைத்தான் மறுபடி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். களப்புக் கரையில் நான் தனியே நின்றேன். அவர் தானாக வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மிஸ், அவன் என்ர கையைப் பாத்துத்தான் தூக்கினவன்."

அவர் றிக் நின்ற பக்கம் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார்.

"விசுவமடுவில லொறி ஒண்டு பழுதாகி நிண்டிட்டுது. உள்ள கிடந்த கொங்கிறீட் இறுகத் துவங்கினது. குழாய் இறுகிப்போடும் எண்டு எனக்குப் பயம். கொஞ்சம் அசைச்சு வைப்பம் எண்டு கையைத் தூக்கினன். கூடத் தூக்கிட்டன். குழாய் லேசா வந்த உடன எனக்கு விளங்கிட்டுது. வலை அறுந்தா கையில தெரியும் மிஸ், அது மாதிரி. திருப்பி இறக்கினம். லொறி வந்தது. மிச்சத்தை ஊத்தினம்."

"கேதீஸுக்குச் சொன்னனீங்களோ?"

"அண்டைக்கே சொன்னனான். அவர் ஒவ்வொருத்தரையாத் தன்ர ஒபிஸ் கன்ரெய்னருக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, ஆர் கேட்டாலும் இப்பிடித்தான் சொல்ல வேணும் எண்டவர். வெருட்டேல்லை. மரியாதையாத்தான் சொன்னவர்." அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சா எங்கட ஆக்கள் பேந்து வாய் திறக்க மாட்டினம் மிஸ். உங்களுக்குத் தெரியாததே? யுத்தம் முடிஞ்சு முகாமில இருக்கேக்க அப்பிடித்தானே விசாரிக்க ஒவ்வொருத்தராக் கூப்பிட்டவை. என்ன சொன்னாத் தப்பலாம் எண்டு தெரிஞ்சா, அதையே சொல்லிப் பழகிட்டம்."

நான் ஸ்கந்தபுரத்து வயல்காரரின் மகள். முகாமில் அந்த விசாரணைக்கு வரிசையில் நின்றவள்தான். எனக்குத் தெரியும். நான் அந்த மௌனத்தைக் கள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி கள்ளம், பாதி பழக்கம்.

"பிறகேன் இப்ப சொல்லுறியள்?"

"அவன் தகப்பனைப் புதைச்சிட்டு எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவன் மிஸ்." தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி கழற்றினார். "ஓடினவன் எண்டு சனம் சொல்லேக்க, ஏன் போனவன் எண்டு தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். வாய் திறக்கேல்லை. நேற்றுக் காலமை இருந்து ஒரு வாய் சோறு இறங்கேல்லை."

"அண்ணை, இனி நான் கேக்கிறதுக்கு யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆர் பிழை எண்டு நான் கேக்கேல்லை. வேற எந்தப் பைலில உங்களுக்குப் பயம் இருக்கு?"

அவர் பைல் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு நடுவரிசையில் ஒன்றைக் காட்டினார். "அதிலயும் லொறி பிந்தினது. குழாயைத் தூக்கேல்லை, சும்மா காத்துக்கொண்டு நிண்டனாங்கள். நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தெரியாது. தெரியாது எண்டுதான் சொல்லுவன். மிச்சமெல்லாம் நல்லது. என்ர பிள்ளையளைக் கொண்டுவந்து மேல படுக்க வைப்பன்."

அந்தச் சைட்டில் நான் கேட்ட முதல் நம்பத்தக்க பேச்சு அந்தத் 'தெரியாது'தான்.

கேதீஸிடம் போனேன். கன்ரெய்னர் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் கண்டேன்.

"மிஸ், மாரி துவங்கினா இந்த மணலில றிக் தாழும். இப்ப வெளியில எடுக்காட்டி மழை முடியும் மட்டும் எடுக்க ஏலாது. அடுத்த சைட் காத்துக்கொண்டு நிக்குது. இவ்வளவு பைலில ஒரு பைல். கட்டிடம் விழுந்திடுமே?"

"ஒண்டுதான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒண்டைத்தானே எனக்குச் சொன்னவங்கள்."

"நீங்கள் கதவைச் சாத்தின பிறகு, அடுத்ததை உங்களுக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம் கேதீஸ்."

 சுனிலின் பெயரை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் அவன்தான் எண்டு சொல்லேல்லையே" என்றார். உண்மைதான். அவர் சொல்லவில்லை. வழியைத் திறந்துவிட்டார், மிச்சத்தை ஊர் செய்தது. இப்படிப்பட்டவர்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லும்வரை காத்திருந்தால் பிடிக்க மாட்டீர்கள்.

மூலைப் பைலை நடுவால் துளைத்து உள்ளே இருப்பதை உருளையாக வெளியே எடுத்தோம். பலகையில் வரிசையாக அடுக்கினார்கள். சாம்பல் நிறக் கொங்கிறீட், நல்ல கொங்கிறீட், வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு முழ நீளத்துக்குக் கறுத்தக் களி, வெள்ளைச் சிப்பித் துண்டுகளோடு. அதற்குக் கீழே மறுபடி கொங்கிறீட். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கேதீஸ் குனிந்து அந்தக் களியில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே நசித்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. கையைத் துடைக்காமலே தன் தலைமையகத்துக்குப் போன் எடுத்து, றிக் இந்த மாரிக்கு வராது என்று சொன்னார். நடந்ததையும் சொன்னார், தன்னுடைய பங்கையும் சேர்த்து. நான் அவரை இன்றும் முழுக்க நம்பவில்லை. ஆனால் அந்தப் போனை அவர் எல்லோரும் கேட்க எடுத்தார், அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

மரியதாஸ் அண்ணை சுனிலிடம் போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. றிக்கடியில் இருவரும் நின்றதைத் தூரத்தில் கண்டேன். சுனில் வெகு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு அன்றைய வேலை தொடங்கியது. அந்தக் கிழமை முழுக்க சுனில் ஒருவரோடும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட்டார்.

நடுவரிசைப் பைலையும் துளைத்துப் பார்த்தோம். அது நன்றாக இருந்தது. மூலையில் மட்டும், பழுதான பைலுக்கு இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு போட வேண்டியிருந்தது. மரியதாஸ் அண்ணையை நிறுத்திவிட்டு வேறு போர்மனைக் கொண்டு வருகிறோம் என்று ஒப்பந்தகாரர்கள் கடிதம் எழுதினார்கள். அவர் இல்லாமல் ஊற்றினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று பதில் எழுதினேன். இரக்கத்தில் எழுதவில்லை. பிழை விட்டதை வாயால் சொன்ன ஒருவரை விட்டுவிட்டு, இன்னும் ஒன்றும் சொல்லியிராத ஒருவரை நான் எந்த நம்பிக்கையில் எடுப்பது?

முதல் புதிய பைல் மழை விட்டிருந்த ஒரு காலையில் நல்லபடி முடிந்தது. இரண்டாவதை ஊற்றியபோது, பாதிக்கு மேல் போன பிறகு குழாய் அடைத்துக்கொண்டது. லொறிகள் வரிசையாக வந்து நின்றன. கொங்கிறீட் குழாய்க்குள் இறங்கவில்லை. தூக்கி உலுக்கினால் அடைப்பு விடும், ஆனால் வாய் வெளியே வந்துவிடலாம். தூக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. கேதீஸ் என்னைப் பார்த்தார். நான் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் வாய் திறக்க முந்தி, அவர் முழுச் சைட்டுக்கும் கேட்கச் சொன்னார்.

"மிஸ், இது சரிவராது. இந்தப் பைலை விடுவம்."

இறுக முந்திக் கம்பிக் கூட்டை வெளியே இழுத்தோம். குழியை மூடினோம். நிலம் காயும்வரை காத்திருந்து மறுபடி துளைக்க வேண்டும். அதாவது மாரி முடியும்வரை. மழையில் நனைந்துகொண்டு எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் நிலத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனும் தான் கண்டதை ஒவ்வொரு விதமாக எனக்கு வந்து சொன்னான். கலவை தடிப்பு என்றான் ஒருவன், குழாயின் பூட்டில் ஒழுக்கு என்றான் ஒருவன். எனக்கு அன்று அந்தக் குழப்பம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்கு விளங்க இன்னும் சில வருடங்கள் எடுக்கும்.

ஆனால் டொக்டருக்கு நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரையும் சொல்ல விடுவதில்லை என்று முடிவு செய்து, பின்னேரம் போன் எடுத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இந்த மாரிக்குள் அந்த மூலை முடியாது, விடுதி இன்னும் பிந்தும் என்றேன்.  போனில் அவாவுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்டது. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"மற்றதெல்லாம் நல்லமோ?" என்று கேட்டார்.

"நல்லம் டொக்டர். அதை நான் இப்ப சொல்லுவன்."

"சரி. அப்ப நான் அம்புலன்ஸுக்குப் புது டயர் கேட்டு எழுதுறன். பழசு இந்த மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு அவா போனை வைத்தார்.